மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவுகளும் வயிற்றுக் கொழுப்பும்

உடல் எடை கூடவில்லை என்பதால் நோய் அபாயமும் கூடவில்லை என்று கருத வேண்டாம். உடலில் கொழுப்பு எவ்வளவு உள்ளது என்பதைப் போலவே, அது எந்த இடத்தில் சேர்ந்துள்ளது என்பதும் முக்கியமானது.

கொழுப்பு எங்கே சேர்கிறது?

தோலுக்கு அடியில், குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. வயிற்றுக்குள் குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றைச் சூழ்ந்து சேர்வது உள்ளுறுப்புக் கொழுப்பு. இதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலைச் சென்றடைந்து, இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கின்றன. இதனால் நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

இந்தியர்களுக்கு, மெலிந்த தோற்றம் இருந்தாலும் உடற்கொழுப்பு அதிகமாக இருக்கக்கூடும். 2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இந்திய மருத்துவர் ஒருவரும் பிரித்தானிய மருத்துவர் ஒருவரும் தங்கள் அளவுகளையே ஒப்பிட்டு வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. ஆனால், உடற்கொழுப்பு பிரித்தானியருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம்.

மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் எவை?

வீட்டுச் சமையலில் பயன்படுத்தாத செயற்கை மணமூட்டிகள், நிறமூட்டிகள், குழம்பாக்கிகள், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவற்றைச் சேர்த்துத் தொழிற்சாலைகளில் தயாரிக்கப்படுபவை இவை. குளிர்பானங்கள், உடனடி நூடுல்ஸ், சிப்ஸ், கிரீம் பிஸ்கட்டுகள், பொட்டலக் கேக்குகள், சாசேஜ், சர்க்கரை சேர்த்த ஊட்டச்சத்துப் பான மாவுகள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். பொட்டலத்தில் வரும் அனைத்தும் இவ்வகை அல்ல. பாக்கெட் பால், பருப்பு, அரிசி போன்றவை இதில் அடங்கா.

இவை எவ்வாறு கொழுப்பைக் கூட்டுகின்றன?

இவை மென்மையானவை, நார்ச்சத்து குறைந்தவை, விரைவாக உண்ணக்கூடியவை. வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குள் தேவைக்கு மேல் உண்டுவிடுகிறோம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரு வாரங்கள் இவ்வகை உணவும், இரு வாரங்கள் பதப்படுத்தப்படாத உணவும் வழங்கப்பட்டன. விரும்பிய அளவு உண்ணலாம் என்ற நிலையில், மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவின்போது நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர். எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது. மற்ற இரு வாரங்களில் அதே அளவு எடை குறைந்தது. இவ்வாறு மிகும் ஆற்றலின் ஒரு பகுதி வயிற்றுக்குள் கொழுப்பாகச் சேர்கிறது.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

• நிமிர்ந்து நின்று, இயல்பாக மூச்சை வெளியேற்றுங்கள்.
• கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அளவு நாடாவை வைத்து அளவிடுங்கள்.
• ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவை எட்டினாலோ கடந்தாலோ மருத்துவரை அணுகுங்கள். கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு பொருந்தாது.

நீங்கள் செய்யக்கூடியவை

• உறையில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் இடம்பெறும். சர்க்கரை, மைதா, பாமாயில் முதலில் இருந்தால் தவிர்ப்பது நல்லது.
• குளிர்பானத்துக்குப் பதிலாக நீர்மோர், தேநீருடன் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் அல்லது வறுத்த வேர்க்கடலை எனப் படிப்படியாக மாற்றுங்கள்.
• நாள்தோறும் குறைந்தது 30 நிமிடங்கள் விரைவாக நடங்கள்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

நோயுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் பிஸ்கட், ரஸ்க், பான மாவு ஆகியவற்றை அன்போடு கொடுப்பது நம் வழக்கம். கஞ்சி, இட்லி, வேகவைத்த முட்டை, குழைவான பருப்புச் சாதம் ஆகியவை இவற்றைவிடச் சிறந்தவை. எனினும், மருத்துவர் பரிந்துரைத்த ஊட்டச்சத்து மாவையோ குழாய்வழி உணவையோ தாமாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொள்பவரின் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். முதலில் மருத்துவரிடம் ஆலோசியுங்கள்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டியவை

சில நாட்களிலோ வாரங்களிலோ வயிறு வேகமாகப் பெருத்தல், கால் வீக்கம், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவை கொழுப்பின் அறிகுறிகள் அல்ல. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். காலம் தாழ்த்த வேண்டாம்.

30 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். அப்போது உங்கள் வயிற்றுச் சுற்றளவையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.