சிரம்பியடியின் தாளம்

புத்தளத்துக் கடற்கரையின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போம். வடக்கே கரைத்தீவை ஒட்டிக் கிடக்கும் நீர்ப்பரப்புக்குப் போர்த்துக்கல் குடா என்று பெயர். அதற்குத் தெற்கே ஒல்லாந்தர் குடா. ஆண்டவர்கள் கடலுக்குக்கூடத் தம் பெயரை இட்டுச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய கப்பல்களில் விலைப்பொருளாக வந்திறங்கிய ஆபிரிக்க மக்களின் பெயரை இந்தக் கரையின் குடா எதற்கும் யாரும் இடவில்லை. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றுவரை விடாது காத்துவருவது ஒரு தாளம்.

புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. இலங்கையில் ஆபிரிக்க வழிவந்தோர் கூடி வாழும் ஊர்களுள் பெரியது இதுவே. திருமணமோ பண்டிகையோ ஏதேனும் ஒரு காரணம் வாய்த்தால் போதும், அங்கே மன்ஜா தொடங்கிவிடும். றபானும் டோலக்கும் உண்டு. அவற்றோடு தேங்காய்ச் சிரட்டைகள், வெற்றுப் போத்தல், அதைத் தட்டுவதற்கு ஒரு கரண்டி, சில வேளைகளில் ஒரு மர நாற்காலி. வாத்தியங்கள் இவ்வளவே. பாட்டு நாலைந்து வரிக்கு மேற்போவதில்லை. அவ்வரிகளே மீண்டும் மீண்டும் வரும். முதலில் மெல்ல அசையும் நடை, பிறகு சற்றே முடுகும் தாளம், பின்னர் அதனினும் வேகம். உட்கார்ந்திருந்த கிழவிகளும் எழுந்து ஆடும் அந்த வேளையில் பாடுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது. சபாக்களில் கைகட்டி அமர்ந்து இசை கேட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

பாட்டின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். இன்றைய தலைமுறையினர் வீட்டில் பேசுவதோ பெரும்பாலும் சிங்களம். சொற்கள் பலவற்றின் பொருள் அவர்களுக்கே மறந்துவிட்டது. ஒலி மட்டும் வாய்க்கு வாய் வந்துகொண்டிருக்கிறது.

ஆபிரிக்கர் இத்தீவுக்கு வந்த கதை ஐரோப்பியரோடு தொடங்கியதன்று. 1344இல் வந்த இபன் பதூதா, கொழும்பிலே ஒரு கடற்றலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாகக் குறித்துள்ளார். அவர் கரையிறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பர். ஆயினும் மனிதரைச் சரக்காக இறக்கும் வாணிகத்தைப் பெருக்கியவர்கள் போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தருமே. ஒல்லாந்தர் தம் அடிமைகளைப் பகலெல்லாம் வேலை வாங்கி, இரவில் கொழும்புக் கோட்டைக்கு வெளியே நீர் சூழ்ந்த நிலமொன்றில் அடைத்து வைத்தனர். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயர் வந்த வரலாறு இது. அடுத்து வந்த ஆங்கிலேய ஆள்பதி பிரெடரிக் நோர்த், கோவாவில் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கித் தம் படையில் சேர்த்தார். கண்டி இராச்சியத்தை அடக்கப் போன படைகளில் அவர்களும் இருந்தார்கள். அடிமைப்பட்ட ஒரு மக்களைக் கொண்டு இன்னொரு மக்களை அடிமைப்படுத்துவது ஏகாதிபத்தியத்தின் பழைய வித்தையல்லவா? 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. இலங்கைத் துப்பாக்கிப் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் நிலைகொண்டிருந்த ஆபிரிக்க வீரர்கள் ஊர் திரும்பவில்லை. எந்த ஊருக்குத் திரும்புவது? இங்கேயே குடியமர்ந்தார்கள்.

இவர்களும் பறங்கியரும் ஆடிய ஆட்டத்திலிருந்து கிளைத்ததே பைலா. ஆடுதல் என்னும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் வேர். 1940களில் வொலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ்காரர் அதற்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பாடி நாடெங்கும் பரப்பினார். 1970களில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அத்தாளத்தைத் தமிழகம் வரை கொண்டு சென்றது. படித்த வர்க்கத்தார் இதைக் குடிகாரர் கூத்து என்று இகழ்ந்துவிட்டுத் தம் வீட்டுக் கலியாணங்களில் இதற்கே ஆடினார்கள். இசைத்தட்டு விற்ற பணத்தில் சிரம்பியடிக்கு ஒரு பங்கு போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

உழைப்பவன் கூடி ஆடுவதைக் கண்டு அதிகாரம் அஞ்சிய கதை இக்கரைக்கு மட்டும் உரியதன்று. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடைசெய்தது. சிக்காகோவில் 1977இல் திறந்த ஒரு நடனக்கூடத்துக்குப் 'பண்டகசாலை' என்றே பெயர். வெள்ளையர் விடுதிகளில் வரவேற்பில்லாத கறுப்பின இளைஞர், அவர்களுள்ளும் தன்பால் விருப்பினர் என்பதற்காக ஒதுக்கப்பட்டோர், அங்கே விடியும்வரை ஆடினர். பிராங்கி நக்கிள்ஸ் அங்கு இசைத்தட்டுகளை இணைத்து ஒலித்த பாணி 'ஹவுஸ்' என்று பெயர் பெற்றது. அது பிரித்தானியாவுக்குப் போய்க் கைவிடப்பட்ட கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியது. 1994இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், திறந்தவெளியில் இரவு நேரத்தில் கூடும் அத்தகைய கூட்டங்களைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் வழங்கியது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமும் 'இசை' என்பதில் அடங்கும் என்று அச்சட்டம் வரையறை கூறிற்று! சட்ட வல்லுநர்கள் தாளத்துக்கு இலக்கணம் எழுதிய விந்தையை அன்று உலகம் கண்டது.

சிரம்பியடியின் மன்ஜாவைத் தடைசெய்ய எவரும் மெனக்கெடவில்லை. கணக்கில் எடுத்தால்தானே தடை வரும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் இனவாரி அட்டவணையில் இவர்களுக்குத் தனி வரி கிடையாது. 'ஏனையோர்' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். நம் தமிழின் யோக்கியதையும் இதில் பெருமைப்படத் தக்கதன்று. 'காப்பிலி' என்னும் சொல்லை நாம் எங்கே, யாரைக் குறித்து, எந்தக் குரலில் வழங்குகிறோம் என்பதை வகுப்பறையிலிருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். தென்னாபிரிக்காவில் அதன் உடன்பிறப்பான சொல்லை ஒருவர்மேல் வீசினால் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். இங்கே அம்மக்கள் அதையே தம் பெயராகச் சொல்லிக்கொள்வதுமுண்டு.

அண்மைக் காலத்தில் இசை விழாக்களுக்கு இவர்களை அழைக்கிறார்கள். ஒரே மாதிரி உடை தைத்து, ஒலிவாங்கிக்கு முன் வரிசையாக நிற்கிறார்கள். விழாவுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மன்ஜாவோ மெல்லத் தொடங்கி, நேரமெடுத்து ஏறுவது. தாளம் முடுகிவரும் நேரத்தில் அடுத்த குழுவின் பெயரை அறிவித்துவிடுகிறார்கள்.