கூரையின்கீழ் வந்தவர்: விருந்தினரைக் குறிக்கும் சீன எழுத்து

விருந்தினரைக் குறிக்கும் சீன எழுத்தில் இரண்டு உறுப்புகள் உள்ளன. மேலே இருப்பது கூரை. அதன்கீழ் இருப்பது ஒலியைக் காட்டும் உறுப்பு. கி.பி. 100ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த எழுத்தகராதி இதற்குத் 'தங்குதல்' என்று பொருள் கூறுகிறது. ஒலியுறுப்பின் தொன்மையான வடிவமோ வந்துசேரும் பாதத்தைக் காட்டுகிறது.

எழுத்து ஒன்றாயினும் ஒலிப்பு பலவாகும். காண்டனீயர் 'ஹாக்' என்பர். ஜப்பானியரின் 'கியாக்கு' கடைக்கு வரும் வாடிக்கையாளரையும் குறிக்கும். வியட்நாமியர் தங்கும் விடுதியின் பெயரில் இச்சொல்லை வைத்துள்ளனர். சீனத்தில் கொலையாளியைச் சுட்டும் சொல்லிலும் இவ்வெழுத்தே உண்டு. எல்லா விருந்தினரும் நன்மை கருதி வருவதில்லை போலும்!

வடக்கிலிருந்து தென்சீனத்திற்குப் பெயர்ந்தோர் 'விருந்தினர் குடும்பங்கள்' எனப்பட்டனர். அதுவே ஹக்கா என்னும் பெயர். தலைமுறைகள் பல கடந்தும் அப்பெயர் நீங்கவில்லை. 1854இல் மலாக்காவில் வந்திறங்கி, பின்னர்க் கோலாலம்பூரின் காப்பித்தானாக விளங்கிய யாப் ஆ லோய் இவ்வினத்தவரே.

நம் மாநில வரலாற்றோடு நெருங்கிய சொல் 'சின்கே' ஆகும். ஹொக்கியேன் மொழியில் இதற்குப் 'புதிய விருந்தினர்' என்பது பொருள். மலாக்காவில் பிறந்து வளர்ந்த பாபா சமூகத்தார், சீனத்திலிருந்து புதிதாக வந்தோரை இவ்வாறு அழைத்தனர். வந்தவருள் பலர் கப்பற்கட்டணக் கடனாளிகள். அக்கடனை அடைத்த முதலாளியிடம், அது தீரும்வரை அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. விருந்தினர் என்று பெயர், வாழ்க்கையோ அடமானம். 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் அமைக்கப்பட்டதற்கு இவர்களின் நிலையும் ஒரு காரணம். சீனரின் ஒப்பந்தக்கூலி முறை 1914இல்தான் ஒழிந்தது.

தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றான விருந்து, புதுவதாகப் புனையப்படும் யாப்பைக் குறிப்பது. பின்னர் அது புதிதாக வந்தவரைச் சுட்டியது. இன்று பெரும்பாலும் அவருக்குப் படைக்கும் உணவையே சுட்டுகிறது. ஆளைக் குறிக்க 'விருந்தினர்', 'விருந்தாளி' என ஈறு சேர்க்க வேண்டியுள்ளது.

சுங்கை ஊடாங் முதலிய மலாக்கா வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் புதியோரே. ஆயினும் அவர்களை எவரும் விருந்தினர் எனவில்லை. இந்தியர்க்கான ஒப்பந்தக்கூலிச் சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்ட பின்னும் ஆவணங்களில் அவர்கள் 'கூலி'களே. தமிழில் கூலி என்பது ஊதியம். ஆங்கிலேயர் ஏட்டில் அது ஆளாயிற்று. அவ்வேடுகள் சீனத் தொழிலாளரையும் அப்படியே எழுதின. சீனரோ அச்சொல்லின் ஒலியைக் கசப்பு, வலிமை என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் எழுதிக்கொண்டனர்.