நாரே மலரான வரலாறு

“பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்” என்பது நம் முன்னோர் வழக்கு. இப்பழமொழியில் நாருக்கெனத் தனிப்பெருமை ஏதும் இல்லை. மலரின் தயவால் அது மணக்கிறது. மலர் வாடினால் மாலையோடு குப்பைக்குப் போகிறது. ஆனால் நாம் பிழைக்க வந்த இத்தலைநகரில், நாரே மலராகவும் தெய்வமாகவும் உருக்கொண்ட வரலாறு ஒன்றுண்டு. தமிழ்க் குடியிற் பிறந்த ஒருவர் அதன் நடுவே நிற்கிறார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு கலைகளைப் பேண அமைப்புகள் பலவற்றைக் கண்டது. 1952-இல் கைத்தறி வாரியமும் கைவினைப் பொருள் வாரியமும் தோன்றின. 1954-இல் லலித் கலா அகாதமியும், ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீன ஓவியக்கூடமும் தொடங்கப் பெற்றன. கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு இப்பிரிவின் பொருள் எளிதில் விளங்கும். நெய்வதும் முடைவதும் ஒரு கோப்பு. ஓவியமும் சிற்பமும் வேறொரு கோப்பு. முன்னது தொழில், பின்னது கலை. ஓவியரின் பெயர் சுவரில் ஏறும். நெசவாளியின் பெயர் கூலிக் கணக்கோடு நின்றுவிடும்.

இச்சுவரில் முதல் வாயில் திறந்தது நெசவாளர் சேவை மையங்களில் எனலாம். 1956 முதல் புபுல் ஜெயகர் அம்மையாரின் முயற்சியால் பம்பாய், சென்னை முதலிய நகரங்களில் இவை அமைந்தன. ஓவியர்கள் அங்கே தறிக்கருகில் அமர்ந்து நெசவாளருடன் பணிபுரிந்தனர். அவ்வாறு கைத்தறித் துறைக்கு வந்தவர்களுள் ஒருவர் கே.ஜி. சுப்பிரமணியன். அவர் பெயரின் ‘கே’ கல்பாத்தியைக் குறிக்கும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவரான அவர், 1924-இல் கூத்துபறம்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். 1944-இல் சாந்திநிகேதனம் அடைந்து வினோத் பிஹாரி முகர்ஜி போன்ற ஆசான்களிடம் ஓவியம் கற்றார். 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புத் துணை இயக்குநராக விளங்கினார். பின்னர்ப் பரோடாவில் ஆசிரியராக இருந்தபோது, குயவரின் மண்ணும் பொம்மை செய்வோரின் மரமும் கலைக்குரிய பொருள்களே என்பதைத் தம் கைவேலையாலேயே மாணவர்க்குக் காட்டினார்.

அம்மாணவருள் ஒருவர் மிருணாளினி முகர்ஜி. சுப்பிரமணியனின் ஆசானாகிய வினோத் பிஹாரியின் மகள் இவர். தந்தையிடமிருந்து மாணவர் பெற்ற கல்வி, அம்மாணவர் வழியே மகளை வந்தடைந்தது. 1949-இல் பிறந்த மிருணாளினி, பரோடாவில் ஓவியமும் சுவரோவியமும் பயின்றபின் தில்லியில் குடியேறினார். அவர் கையில் எடுத்தது தூரிகை அன்று. கடைத்தெருவில் கிடைக்கும் சணல் நார்.

தறியும் இல்லை, ஊசியும் இல்லை. நாருக்குச் சாயமேற்றி, விரல்களால் முடிச்சின்மேல் முடிச்சாக இட்டுச் சென்றார். முன்வரைவும் வரைந்துகொள்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் பூக்கட்டும்போது பார்த்திருப்போம். நூலைச் சுற்றி இழுக்கும் அதே விரல்வேலைதான் இங்கே ஆளுயரத்தை விஞ்சி வளர்ந்தது. ஓர் உருவம் முடியப் பல மாதங்கள் ஆயின. அவற்றுக்கு ‘யக்ஷி’, ‘வனஸ்ரீ’, ‘ஆதி புஷ்பம்’ எனப் பெயரிட்டார்.

2015 ஜனவரியில் தேசிய நவீன ஓவியக்கூடத்தில் அவர் படைப்புகளின் பெருங்காட்சி தொடங்கியது. உணவு இடைவேளையில் ஒருநாள் நானும் சென்றிருந்தேன். ஊதாவும் மஞ்சளுமாக மடிப்பு மடிப்பாகத் தொங்கிய அவ்வுருவங்களின் முன் நின்றபோது, கருவறை வாயிலில் நிற்பது போன்ற ஒடுக்கம் உண்டாயிற்று. கூர்ந்து நோக்கினால் முடிச்சுகள். விலகி நின்றால் தெய்வம். காட்சி தொடங்கிய சில நாட்களில், பிப்ரவரி 2-இல், அவர் மறைந்தார். மறு ஆண்டு ஆசிரியர் சுப்பிரமணியனும் மறைந்தார். 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மிருணாளினிக்குத் தனிக்காட்சி அமைத்தது. மறுஆண்டில், 2020-இல், கைத்தறி வாரியமும் கைவினைப் பொருள் வாரியமும் கலைக்கப்பட்டன.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். நார் கலைக்கூடத்துள் நுழைந்துவிட்டது, மகிழ்ச்சியே. ஆயினும், அதனோடு நுழைந்தவர் கலைக்கல்லூரியில் பயின்றவர். தாமிரபரணிக் கோரையைப் பட்டுப்போல் மெல்லியதாக்கிப் பத்தமடையில் பாய் நெய்யும் பெண்ணின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவள் விரல்களும் அதே கல்வியை உடையவை அல்லவா?

பழியை அரசின்மேல் மட்டும் போடுவதற்கில்லை. என் திருமணத்தின்போது ஊரிலிருந்து வந்த பத்தமடைப் பாய் இன்றும் என் அரசுக் குடியிருப்பில் இருக்கிறது. மணமக்களின் பெயர்கள் அதில் நெய்யப்பட்டுள்ளன. அதை நெய்தவர் யார் என்று அண்மையில் என் மகள் கேட்டாள். விடை சொல்ல என்னால் இயலவில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பாயோ சேலையோ வாங்கும்போது விலையோடு நெய்தவர் பெயரையும் கேட்டு வாருங்கள். வீட்டிற்கு வந்ததும் அதனை எழுதி வையுங்கள். மலரைச் சேராமலே நார் தன்மணம் பெற அதுவே நாம் செய்யத்தக்க சிறு தொண்டாகும்.