கீழ்வெண்மணி நினைவுத்தூண்: பெயர்களே ஆவணமாக

முன்னுரை

தமிழக வேளாண் தொழிலாளர் வரலாற்றில் கீழ்வெண்மணிக்கு நீங்கா இடமுண்டு. நீதிமன்றப் பதிவில் குற்றவாளி எவரும் எஞ்சாத நிகழ்வொன்றை, அங்குள்ள நினைவுத்தூண் எவ்வாறு வரலாறாக நிலைநிறுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வும் தீர்ப்பும்

1968ஆம் ஆண்டில் கீழத்தஞ்சையின் வேளாண் தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கத்தில் திரண்டு கூடுதல் நெற்கூலி கோரினர். சங்கத்தை விட்டு விலகுமாறு மிராசுதாரர்கள் நெருக்கினர். டிசம்பர் 25 அன்று ஏற்பட்ட மோதலில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டார். அன்றிரவே தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஒரே குடிசையில் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் உள்ளிட்டோருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்களான நிலவுடைமையாளர்கள் தாமே நேரில் சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என அது கருதியது. இதற்கிடையே, கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து, 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. கூலிக்குச் சட்டம் கிடைத்தது. கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

தூணும் பெயர்களும்

மார்க்சிஸ்ட் கட்சியினர் அவ்வூரில் எழுப்பிய தூணில் இறந்தோர் 44 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் நிலம் கொண்டோர் பெயரே நிலைபெற்றுவந்த வட்டாரத்தில், நிலமற்றோரின் பெயர்கள் கல்லேறியமை குறிப்பிடத்தக்கது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று உழைப்பாளர்கள் அங்குக் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ இங்கு ஒப்பிடத்தக்கது. 1911 மார்ச் 25 அன்று அங்கு 146 தொழிலாளர்கள் மாண்டனர். அது பணியிட விபத்து. வெண்மணி திட்டமிட்ட தாக்குதல். எனினும், அங்கும் உரிமையாளர்கள் விடுவிக்கப்பட்டனர். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. இறந்தோர் பெயர் தாங்கிய நினைவுச்சின்னம் 2023இல்தான் அமைந்தது. அதற்குமுன், 2004 முதல், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் முன் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் சுண்ணக்கட்டியால் அவர்தம் பெயர்களை எழுதிவந்தனர்.

முடிவுரை

தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டோரைப் பற்றிப் பேசுகிறது. தூண், இறந்தோரைப் பற்றிப் பேசுகிறது. எவர் தீ வைத்தார் என்ற வினாவிற்குத் தூணால் விடையளிக்க இயலாது. எவர் எரிந்தனர் என்பதை மறக்கவொட்டாமல் அது காக்கிறது. எனவே வெண்மணித் தூணை அஞ்சலிச் சின்னமாக மட்டுமன்றி, தீர்ப்புடன் ஒருசேர வாசிக்கப்பட வேண்டிய முதன்மை ஆவணமாகவும் கொள்ளுதல் தகும்.