தழும்புகளால் அறியப்பட்ட வாகனம்

தியானப் பகுதி: யோவான் 20:24-29



1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ‘புல்லிட்’ என்னும் திரைப்படம் படமாக்கப்பட்டது. பீட்டர் யேட்ஸ் இயக்கிய அப்படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் காவல்துறை அதிகாரியாக நடித்தார். செங்குத்தான அந்நகர வீதிகளில் ஏறத்தாழ பதினோரு நிமிடங்கள் நீளும் கார் துரத்தல் காட்சியே அப்படத்திற்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தது.

அக்காட்சிக்கென இரண்டு ஃபோர்டு மஸ்டாங் கார்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இரண்டும் கரும்பச்சை நிறமுடையவை. அவற்றின் தொழிற்சாலை எண்களும் அடுத்தடுத்தவை: ஒன்று 125558 என்றும், மற்றொன்று 125559 என்றும் முடிந்தன. பிந்தியது நடிகர் தோன்றும் நெருக்கக் காட்சிகளுக்கு. முந்தியது மேட்டிலிருந்து பாய்ந்து விழும் சாகசக் காட்சிகளுக்கு. சாதாரணக் கார் அத்தகைய அடிகளைத் தாங்காது. ஆகவே முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பர் பொருந்தும் பகுதிகள் வலுப்படுத்தப்பட்டன. மின்கம்பிகளைச் செலுத்த டிக்கியில் துளைகள் இடப்பட்டன. படப்பிடிப்பு முடிந்தபோது சாகசக் கார் மிகவும் சேதமடைந்திருந்தது. அது பழைய இரும்பாக அழிந்துபோயிற்று என்றே பின்னாளில் பலரும் எண்ணினர்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தது. மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா தீபகற்பத்தில், கைவிடப்பட்ட வாகனங்களுக்கிடையே ஒரு பழைய மஸ்டாங் கிடந்தது. அதன் பச்சை நிறம் வேறு வண்ணத்தின்கீழ் மறைந்திருந்தது, இன்ஜினும் இல்லை. அதை வாங்கியவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் ஒரு திட்டம் இருந்தது. வேறொரு திரைப்படத்தில் புகழ்பெற்ற ‘எலனோர்’ என்ற மஸ்டாங்கைப் போலவே இதை உருமாற்ற வேண்டும் என்பதே அது.

ஆனால் அந்த வாகனத்தின் உடலில் சில புதிர்கள் இருந்தன. சாதாரணக் குடும்பக் காருக்கு முன்பகுதியில் இத்தனை வலுவூட்டல் எதற்கு? டிக்கியில் இத்துளைகள் ஏன்? எண்ணைத் தேடிப் பார்த்தபோது வேலை நின்றது. மஸ்டாங் பதிவேடுகளில் வல்லுநரான ஒருவர் காரை ஆராய்ந்து, அது ‘புல்லிட்’ படத்தின் சாகசக் கார்தான் என்று உறுதிசெய்தார். 2017-இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. மெய்யான பொருளொன்று மற்றொன்றின் நகலாக மாற்றப்படுவதிலிருந்து அவ்வாறு தப்பியது.

அதன் இணைக் காரின் வரலாறும் நமக்குப் பாடமே. 1974-இல் ஒரு குடும்பம் அதை 3,500 டாலருக்கு வாங்கி, வீட்டுத் தேவைக்கு ஓட்டிவந்தது. 1977-இல் மெக்குவீனே அதைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதியும் உரிமையாளர் கொடுக்கவில்லை. 2018-இல் டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் அது வெளியுலகுக்கு மீண்டும் காட்டப்பட்டது. 2020 ஜனவரியில் நடந்த ஏலத்தில் 34 இலட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. அது புதுப்பிக்கப்பட்டு மின்னிய கார் அன்று. மங்கிய வண்ணமும், துருவும், படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களின் அடையாளங்களும் அப்படியே இருந்தன. அவற்றைத் துடைத்திருந்தால் அதன் சாட்சியும் துடைக்கப்பட்டிருக்கும்.

பிரியமானவர்களே, உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோமா எதனால் அறிந்துகொண்டார்? முகப்பொலிவால் அன்று, காயங்களால். ஆணிகளின் அடையாளத்தைக் குறிக்க யோவான் கையாளும் கிரேக்கச் சொல் ‘டூப்போஸ்’. அடி விழுந்த இடத்தில் பதியும் தடம் என்பது அதன் அடிப்படைப் பொருள். மரணத்தை வென்ற மகிமையின் சரீரத்தில் அந்தத் தடம் மட்டும் ஏன் எஞ்சியிருந்தது? தேவ வல்லமைக்கு அதை அழிப்பது அரிதன்று. அவர் அழிக்காமல் வைத்திருந்தார். அதுவே, சிலுவையில் தொங்கியவரும் எதிரே நிற்பவரும் ஒருவரே என்பதற்கு அடையாளமாயிற்று.

நாமோ நம் தடங்களின்மேல் வண்ணம் பூசவே விரைகிறோம். குடியிலிருந்து மீட்கப்பட்டவர் தம் பழைய ஆண்டுகளைச் சபை மறந்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். கணவனால் கைவிடப்பட்ட சகோதரி, குறையற்ற குடும்பங்களின் நடுவே தன்னை ஒரு நகலாக்கிக்கொள்ளப் பாடுபடுகிறார். புதுச்சிருஷ்டியாதல் என்பது தழும்பற்றவராதல் அன்று. இரவெல்லாம் போராடி ஆசீர்வாதம் பெற்ற யாக்கோபு, நொண்டிக்கொண்டேதான் விடியலுக்குள் நடந்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பிறருடைய தழும்பை வெளிப்படுத்தும்படி வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. இயேசு தாமாகவே தம் கரங்களை நீட்டினார். சாட்சி சொல்லும் வேளையைக் காயப்பட்டவரே தெரிந்துகொள்ளட்டும். அவர் பேசும்போது, தோமாவைப்போல வியந்து நிற்கத்தக்க சபையாக நாம் இருப்போம்.

இரண்டாவது, தழும்புகள் கேள்வியை எழுப்பும். முடிவான விடையை அவை தருவதில்லை. துளைகளும் வலுவூட்டல்களும் அந்தக் காரைக் குறித்து வியக்கவைத்தன. உற்பத்தியானபோதே உலோகத்தில் பதிந்த எண்ணே அது இன்னதென்று உறுதிப்படுத்தியது. நம் காயங்களும் நாம் யார் என்பதைத் தீர்மானிப்பதில்லை. நம்மை உருவாக்கியவர் நம்மைப் பெயர்சொல்லி அழைத்ததாகவும், தம் உள்ளங்கைகளில் வரைந்ததாகவும் ஏசாயா தீர்க்கதரிசி 43, 49-ஆம் அதிகாரங்களில் அறிவிக்கிறார். எத்தனை வண்ணங்கள் மேலே ஏறினாலும் அந்தப் பதிவு அழிவதில்லை.

ஜெபம்: காயப்பட்ட கரங்களையுடைய ஆண்டவரே, எங்கள் தழும்புகளைக் குறித்து நாங்கள் வெட்கப்படாதிருக்கக் கிருபை தாரும். வேறொருவரின் நகலாக மாறும் ஆசையிலிருந்து எங்களை மீட்டருளும். உமது கரத்தில் வரையப்பட்டவர்களாகவே இந்த வாரத்தில் நடக்க உதவி செய்யும். ஆமென்.