குளமும் மடைகாவலும்: கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களை ஆள்வது யார்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர், நீர்நிலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர். வற்றாத ஆறு ஏதும் பாயாத அந்நிலப்பகுதியில், மழைநீரைக் குளத்தில் தேக்கி, மடை வழியே வயலுக்கு விட்டுப் பயிர்செய்தே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். குளம் ஊருக்குப் பொது. கரையை உயர்த்தவும் வண்டலை அள்ளவும் குடிமராமத்து என்னும் பெயரில் ஊரே திரண்டு வரும். மடையைத் திறக்கும் பொறுப்போ ஊரார் அமர்த்திய ஓரிருவரிடமே இருக்கும். அவர்கள் நேர்மையாளராயின் கடைமடை வரை நீர் செல்லும். இல்லையேல் தலைமடை வயல் நிரம்பி வழிய, கடைமடைப் பயிர் கருகும்.

பொதுச்சொத்தைப் பலர் சேர்ந்து உண்டாக்கலாம். அதை நாள்தோறும் நடத்துபவர் சிலராகவே இருக்க முடியும். அந்தச் சிலர் பலருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருப்பது எவ்வாறு? கூட்டுறவு இயக்கம் முழுமைக்கும் அடிப்படையான இக்கேள்வியைக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். நம் பங்கு மக்களிடையே ஆசிரியராகவும் அரசு ஊழியராகவும் பணியாற்றிய பலர் இச்சங்கங்களில் கடன் பெற்றே கூரைக்குக் கீழ் குடியேறினர். வாழ்நாள் உழைப்பையெல்லாம் கொட்டி எழுப்பிய வீட்டின் பத்திரம், தாம் ஒருமுறையேனும் நேரில் கண்டிராத ஓர் இயக்குநர் குழுவின் பொறுப்பில் இருந்தது என்பதைப் பலர் உணர்ந்ததில்லை.

முன்னோர் கண்ட வழி

குளத்தூர் வட்டத்தில் நார்த்தாமலை என்றோர் ஊர் உண்டு. சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்று வழங்கப்பெற்ற அவ்வூரை 'நகரம்' என்னும் வணிகர் அவை ஆண்டது. நிலம், கோயில், நீர்நிலை ஆகியவை பற்றி அவ்வவை எடுத்த முடிவுகள் அங்குள்ள கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளன. அவை கூடித் தீர்மானித்ததை ஊரார் காணக் கல்லில் வெட்டி வைத்தது, முடிவெடுத்தோர் தம் சொல்லுக்குத் தாமே இட்டுக்கொண்ட பிணை எனலாம்.

இதனினும் தெளிவான சான்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்திற்கு வருபவர் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவிக்காலம் ஓர் ஆண்டே. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. எல்லாவற்றினும் முதன்மையானது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டமை. கணக்குக் காட்டாமை குடும்பத்திற்கே இழுக்கு என்று அக்காலத்தவர் கருதினர்.

இதனை நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். உழைக்கும் மக்களுக்கோ பெண்களுக்கோ அந்த அவையில் இடமில்லை. ஓலை எழுதப்பட்டோர் சிலரே. ஆயினும் அவர்கள் வகுத்த நெறி இன்றைக்கும் பொருந்தும்: குறுகிய காலம், சுழற்சி, கணக்கு.

சங்கம் பிறந்த கதை

இக்காலக் கூட்டுறவின் தொடக்கத்தை 1844-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் திறந்த சிறு கடையில் காண்பது வழக்கம். பங்கு எத்தனை இருப்பினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் நமக்குத் தந்த கொடை. கம்பெனியில் பணம் வாக்களிக்கிறது. கூட்டுறவில் மனிதர் வாக்களிக்கின்றனர்.

சென்னை மாகாணத்தில் இவ்விதையை ஊன்றியவர் பிரெடரிக் நிக்கல்சன். உழவரின் கடன் சுமையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கை, செர்மனியில் ராய்ஃபைசன் கண்ட சிற்றூர்ச் சங்கங்களைப் போன்றவை இங்கும் தோன்ற வேண்டும் என்று வலியுறுத்தியது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் உருவாயின. கடனுக்கு அப்பாற்பட்ட பணிகளுக்கும் சங்கம் அமைக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

வீட்டுக்கெனச் சங்கம் காணும் முயற்சி பெங்களூரில் 1909-லும், பம்பாயில் 1915-லும் வேர்கொண்டது. பம்பாயின் சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் நிலமும் கட்டடமும் சங்கத்திற்கே உரியவை. உறுப்பினர் குடியிருக்கும் உரிமை பெற்றவர். தமிழகத்திலோ பெரும்பாலான சங்கங்கள் வேறு வழியில் வளர்ந்தன. உறுப்பினர் தம் மனையில் வீடு கட்டச் சங்கம் கடன் தரும். வீடு சங்கத்திற்கு அடமானமாகும். இச்சங்கங்களுக்குத் தலைமை நிறுவனமாக, இன்று தமிழ்நாடு கூட்டுறவு வீட்டுவசதி இணையம் எனப்படும் அமைப்பு 1959-ல் தோன்றியது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முதலிய நிறுவனங்களிடமிருந்து இணையம் கடன் பெறும். இணையத்திடமிருந்து தொடக்கச் சங்கம் பெறும். சங்கத்திடமிருந்து உறுப்பினர் பெறுவார். இச்சங்கிலியை நினைவில் இருத்துவோம். பின்னர் எழுந்த துன்பத்தின் வேர் இதில்தான் உள்ளது.

மூன்று கைகள்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டு 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு சங்கத்தை மூன்று கைகள் தாங்குகின்றன. முதலாவது பேரவை. உறுப்பினர் அனைவரும் கூடும் இந்த அவைக்கே சங்கத்தின் இறுதி அதிகாரம் உரியது. ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் அதன்முன் வைக்கப்பட வேண்டும்; துணைவிதிகளைத் திருத்துவதும் அதன் உரிமை. இரண்டாவது இயக்குநர் குழு. உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்படும் இக்குழு, சட்டமும் துணைவிதிகளும் வகுத்த எல்லைக்குள் அன்றாட ஆட்சியை நடத்தும்: விண்ணப்பங்களைப் பரிசீலித்தல், கடன் வழங்கல், தவணை தண்டல், பணியாளரை மேற்பார்த்தல். குழுவினர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்வர். செயலர் குழுவின் பணியாளர். அவர் குழுவின் எசமானர் அல்லர்.

மூன்றாவது கை பதிவாளர். வீட்டுவசதிச் சங்கங்களுக்கெனத் தனிப் பதிவாளர் உண்டு. குறை எழும்போது 81-ஆம் பிரிவின்படி விசாரணை நடத்தலாம்; குழுவினரின் செயலால் சங்கத்திற்கு இழப்பு நேர்ந்திருப்பின் 87-ஆம் பிரிவின்படி அதனை அவர்களிடமிருந்தே வசூலிக்கலாம்; குழு அடியோடு தவறின் 88-ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்டுக் கலைக்கலாம். ஆகவே இயக்குநராவது மாலை மரியாதைக்குரிய பதவி மட்டுமன்று. தம் கைப்பொருளையும் பணயம் வைக்கும் பொறுப்பு அது.

இம்மூன்றில் முதற்கை தளரும்போது மற்ற இரண்டும் தம் அளவுக்கு மீறி நீளும் என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

தேர்தலும் தனி அலுவலரும்

1976-ல், குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது, கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனி அலுவலர்களை அமர்த்தும் சட்டம் வந்தது. 1989-ல் இன்னொரு சட்டம் அதே நோக்குடன் பிறந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் 1996-ல் மாநிலம் தழுவிய தேர்தல் நடைபெற்றது. 2001-ல் குழுக்களின் இடத்தில் மறுபடியும் தனி அலுவலர்கள் அமர்ந்தனர். கோட்டையில் ஆட்சி மாறியபோதெல்லாம் சங்கத்தின் நாற்காலியும் ஆட்டம் கண்டது எனலாம்.

இந்நோய்க்கு மருந்தாக 97-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அது குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. இயக்குநர் 21 பேருக்கு மேற்படலாகாது. பதவிக்காலம் 5 ஆண்டு. இரண்டு இடம் பெண்களுக்கும் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கும். குழுவைக் கலைத்தாலும் அந்நிலை ஆறு மாதத்திற்கு மேல் நீடிக்கலாகாது என்றெல்லாம் அது வகுத்தது. 2013-லும் 2018-லும் தமிழகத்தில் தேர்தல்கள் நடந்தன. 2021-ஆம் ஆண்டு சூலை 20 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றங்களுள் பாதியேனும் ஒப்புதல் அளிக்காமையால், மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தத்தின் ஒன்பது-ஆ பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2018-ல் வந்த குழுக்களின் காலம் 2023-ல் முடிந்தபோது, தனி அலுவலர் காலம் திரும்பி வந்தது.

தனி அலுவலர் எல்லாருமே தீயவர் என்று நாம் சொல்லவில்லை. குழு சுருட்டிய சங்கத்தை அலுவலர் மீட்டதும் உண்டு. எனினும் அலுவலருக்குப் பணிமாற்றம் வரும், உறுப்பினருக்கு வராது. வீடு அங்கேயே நிற்கும்.

பத்திரம் திரும்பாத வீடு

முன்பு கூறிய சங்கிலிக்கு வருவோம். ஓர் உறுப்பினர் கடைசித் தவணை வரை கட்டி முடிக்கிறார். ஆனால் சங்கத்தின் பிற உறுப்பினர் பலர் கட்டவில்லை. அல்லது கட்டிய பணத்தைச் சங்கம் சம்பளத்திற்கும் பிற செலவிற்கும் திருப்பிவிட்டது. இணையத்திற்குச் சங்கம் செலுத்த வேண்டிய தொகை நிலுவையாகி, வட்டியும் அபராத வட்டியும் ஏறுகின்றன. அடமானப் பத்திரமோ இணையத்தின் வசம் உள்ளது. கடனை முழுவதும் அடைத்தவரும் பத்திரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது. தமிழகத்தில் பல சங்கங்களில் இது நடந்தது. அரசு பன்முறை அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து நிலுவையைத் தீர்க்க வாய்ப்பளித்ததும் இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

இதில் பிழை எவருடையது? தவணை தவறியோருக்குப் பங்குண்டு. தண்டாத குழுவுக்கும், காலத்தில் தட்டிக் கேட்காத மேற்பார்வைக்கும் பங்குண்டு. பேரவைக்கு வராத உறுப்பினருக்கும் பங்குண்டு. பணம் கட்டியாயிற்று, நமக்கென்ன என்று வீட்டிலிருந்தவர் கடைமடைக்காரரைப் போன்றவர். நீர் வராதபோதுதான் மடையை நினைத்தார்.

திருமறை காட்டும் நெறி

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுகிறது. திருத்தூதர் தாமே எழுவரை அமர்த்தி அனுப்பியிருக்கலாம். அவர்களோ சீடர் அனைவரையும் கூட்டி, நற்சான்று பெற்றவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றனர். மக்கள் தெரிந்தெடுத்தனர், திருத்தூதர் அவர்கள்மீது கைகளை வைத்து உறுதிப்படுத்தினர். பேரவைக்கும் குழுவுக்கும் மேலதிகாரத்திற்கும் உரிய இடம் அங்கே அழகாக வகுபட்டிருப்பதைக் காண்கிறோம். லூக்கா நற்செய்தியின் வீட்டுப் பொறுப்பாளரையும் நினைப்போம். அவரிடம் முதலில் கேட்கப்பட்டது கணக்கு.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-ல் வெளியிட்ட சுற்றுமடல், சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று கற்பித்தது. தனி அலுவலர் ஆட்சி நீடிப்பதற்கு இதுவே திருச்சபையின் மறுமொழி. ஆயினும் அப்படிப்பினைக்கு மறுபக்கமும் உண்டு: சிறிய அமைப்பு தன் வேலையைச் செய்யத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

அத்தகுதியை எப்படிப் பெறுவது? கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊரின் பங்குத்தந்தை ஜிம்மி தாம்கின்ஸ் ஒரு வழி காட்டினார். சுரங்கத் தொழிலாளர் கல் எடுத்து வைக்கும் முன், படிப்பு வட்டங்களில் கூடினர். கடன், வட்டி, கட்டுமானம், கணக்கு ஆகியவற்றைக் கற்றனர். அதன்பின் 1938-ல் தங்கள் கையாலேயே வீடு கட்டினர். அவரது பெயரால் அக்குடியிருப்பு தாம்கின்ஸ்வில் எனப்பட்டது.

நம்மிடமும் இதற்கு முன்னோடி உண்டு. திருச்சிராப்பள்ளிச் சீமையில் குளத்தூர் என்னும் பெயருடைய ஊரில் 1826-ல் பிறந்த மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலாசிரியர். உயர்நீதிமன்றத்திற்கு முந்தைய காலத்துத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாகத் தந்தவரும் அவரே. சட்டம் தமிழில் கைக்கு வந்தால்தான் குடியானவன் ஏமாறாதிருப்பான் என்பது அம்முயற்சியில் நாம் காணும் கருத்து.

ஆகவே நம் பங்குகளில் உள்ள அன்பியங்கள் ஒரு மாலைப்பொழுதைச் சங்கத் துணைவிதிகளைப் படிக்க ஒதுக்கினால் அதுவும் அறப்பணியே. பேரவைக்குச் செல்வோம். தணிக்கை அறிக்கையின் குறைகள் எவை, இணையத்திற்கு நிலுவை எவ்வளவு, கடன் அடைத்தோருள் எத்தனை பேருக்குப் பத்திரம் திரும்பவில்லை என்று எழுந்து கேட்போம். தேர்தல் வரும்போது, கட்சி அட்டையை நோக்காமல் கணக்குக் காட்டியவரா என்று பார்த்து வாக்களிப்போம். தகுதியுள்ளவர் நம்முள் இருப்பின் அவரையே நிற்கச் சொல்வோம். மடையைக் காக்கும் ஆளை ஊர்தான் அமர்த்த வேண்டும்; அமர்த்திய பின் அவ்வப்போது கரைக்குச் சென்று பார்ப்பதும் ஊரின் கடமையே.