ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் சோர்வு: டெஸ்டோஸ்டிரோன் குறைவை எப்படிக் கண்டறிவது?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில், வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஐம்பது வயதில் ஊர் திரும்பும் சகோதரர்கள் பலர். "முன்னைப்போல் உடம்பில் தெம்பு இல்லை" என்பார்கள். இல்லறத்தில் ஏற்பட்ட குறையை மட்டும் வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. கடைசியில் சுவரொட்டி விளம்பரத்தை நம்பி லேகியத்துக்கும் மாத்திரைக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது என்ன?

ஆண்களின் விதைகளில் சுரக்கும் ஹார்மோன் இது. பாலுணர்வு, தசை வலிமை, எலும்பின் உறுதி, ரத்தச் சிவப்பணு உற்பத்தி ஆகியவற்றுக்கு இது தேவை. நடுத்தர வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைவது இயல்பு. அது மட்டுமே நோய் ஆகாது.

எவை உண்மையான அறிகுறிகள்?

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. ஹார்மோன் குறைவோடு தெளிவாகப் பொருந்தியவை மூன்று அறிகுறிகளே:

1. அதிகாலையில் இயல்பாக வரும் விறைப்பு குறைதல்
2. இல்லற நாட்டம் குறைதல்
3. உறவின்போது விறைப்பு நிலைக்காமை

இம்மூன்றும் இருந்து, ரத்தத்திலும் ஹார்மோன் குறைவாக இருந்தவர்கள் சுமார் 2 சதவீதம் பேர் மட்டுமே.

சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை, தொப்பை போன்றவை சர்க்கரை நோய், ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை ஆகியவற்றாலும் வரும். ஆகவே கேள்விப் பட்டியலில் 'ஆம்' என்று குறித்தாலே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பரிசோதனை எப்படி?

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் அளவு இயல்பாகவே குறையும். முதல் முறை குறைவாக வந்தால் வேறொரு நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சல் போன்ற நோய் இருக்கும்போது எடுக்கக் கூடாது. ரமழானில் தூக்க நேரம் மாறிவிடுவதால், அவசரமில்லாதவர்கள் பெருநாளுக்குப் பின் எடுக்கலாம்.

இருமுறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைவு எனக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டல். பிறகு எல்.எச்., புரோலாக்டின் பரிசோதனைகள் மூலம் கோளாறு விதைகளிலா, மூளையின் பிட்யூட்டரி சுரப்பியிலா என்று மருத்துவர் கண்டறிவார்.

சர்க்கரையை மறக்க வேண்டாம்

இரண்டாம் வகை சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் குறைவு காணப்படுகிறது. விறைப்புக் குறைபாடு, இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வெட்கத்தால் மறைப்பவர் மாரடைப்பின் முன்னறிவிப்பையும் சேர்த்தே மறைக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை சிவகிரி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மேல் சிகிச்சைக்குத் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையும், நெல்லை ஹைகிரவுண்ட் மருத்துவமனையும் உள்ளன.

சிகிச்சையில் எச்சரிக்கை

எடை குறைத்தல், நடைப்பயிற்சி, நல்ல தூக்கம், புகையை விடுதல் ஆகியவையே முதற்படி. ஹார்மோன் ஊசியோ ஜெல்லோ மருத்துவர் சொல்லாமல் கூடாது. அவை விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். குழந்தை வேண்டுவோர் தவிர்க்க வேண்டும். ரத்தம் தடித்துப் போகவும் கூடும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் பொதுவாக இது தரப்படுவதில்லை.

பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டியைக் கண்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மார்க்க விளக்கம் கேட்க வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். மருத்துவரிடம் உடல்நலம் பற்றிக் கேட்கவும் நமக்கு வெட்கம் வேண்டாம். மனைவியிடமும் மனம் விட்டுப் பேசுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.